வேண்டுதல் முடிந்தது என்று நான் எழுதிய அறிக்கை

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் நான் இப்போதெல்லாம் வலது பக்கம் உட்காருவதில்லை. வடமாலபேட்டை தாண்டியதும் வலப்புறம் ஒரு மண்பாதை பிரிகிறது. அதன் கடைசியில் நீல கேட் போட்ட ஒரு முதியோர் இல்லம். இடது பக்கம் உட்கார்ந்தாலும் அந்த இடம் வரும்போது கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு புத்தூர் வரை எதையாவது எண்ணிக்கொண்டு போகிறேன். மின்கம்பம், மாந்தோப்பு கேட், எதிரே வரும் லாரி.

முதியோர் நலத்துறையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். காரணம் என்ற இடத்தில் முழங்கால் வலி என்று எழுதினேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது.

போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தாள். முதியோர் இல்லங்களைப் பற்றிய புகார்கள் இனிமேல் செல்போனிலேயே பதிவாகுமாம். விசாரணைக்குப் போகிறவர் அறிக்கை எழுத வேண்டியதில்லை. ஆப்பில் இருக்கிற கட்டங்களில் டிக் போட்டு, இரண்டு போட்டோ ஏற்றினால் போதும். "மேடம், ஒரு இல்லத்துக்குப் போனா மொதல்ல எதைப் பாக்கணும்? ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுங்களேன், பிரிண்ட் எடுத்து வெச்சிக்கிறேன்" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. போட்டோ என்ற வார்த்தையிலேயே மனம் நின்றுவிட்டது. அந்த நீல கேட் இல்லத்தில் நான் போட்டோ எடுத்திருந்தால், அந்தப் போட்டோவும் நான் எழுதிய பொய்யைத்தான் சொல்லியிருக்கும்.

நான் நகரிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆபீசில் தெலுங்கு, டைரியில் மறுபடி தமிழ். சித்தூர் ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் தபால் பதிவேடும் சக்கர நாற்காலி வினியோகமும். ஆறாவது வருடம் புகார் மேசைக்கு மாற்றினார்கள். யாரும் விரும்பாத மேசை அது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கட்டு மனு வரும். சாம்பாரில் பருப்பு இல்லை, ஃபேன் ஓடவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காபியைப் பற்றி மட்டும் வாரம் தவறாமல் எழுதுவார். ஒரு வாரம் அவர் மனு வரவில்லை. பயந்துபோய் இல்லத்துக்கு போன் செய்தேன். காபி நன்றாக இருந்ததாம்.

அந்த மேசையில் நான் செய்த முதல் தவறு சின்னதாகத் தெரியலாம். மனு வந்தால் அதன் நகலை இல்லத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்பது நடைமுறை. நானும் அப்படியே அனுப்பினேன், மனு எழுதியவரின் பெயரோடு. பதினைந்து நாள் கழித்து அங்கே போனபோது அவருடைய கட்டில் கழிப்பறைக் கதவை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து பெயரை வெட்டிவிட்டுத்தான் நகல் அனுப்பினேன்.

சித்தூர் மாவட்டம் இரண்டானபோது பாதிக் கோப்புகளை அரிசி மூட்டைப் பைகளில் கட்டித் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அவற்றோடு என்னையும். அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் கிருஷ்ணப்பா சார். உதவி இயக்குநர், ஆபீசில் ஏ.டி. என்போம். குப்பத்துக்காரர். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பேசுவார்.

அவர் கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். முடிவைப் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு தாளாகப் பின்னால் போவார். பேனா கையெழுத்துக்கு மட்டும். படிக்கும்போது கையில் பென்சில். சந்தேகமான வாக்கியத்தின் ஓரத்தில் சின்னதாக 'எவரு?' என்று எழுதுவார். தெலுங்கில் யார் என்று அர்த்தம். இதைச் சொன்னது யார், பார்த்தது யார். கோபமோ சத்தமோ கிடையாது. கோப்பு திரும்பி வரும், அவ்வளவுதான். பதில் எழுதி அனுப்பினால் அந்த 'எவரு?'வை அவரே ரப்பரால் அழிப்பார். அழிபடாத ஒன்று இருந்தாலும் கையெழுத்து விழாது. எங்கள் ஆபீசில் பலருக்கு இது எரிச்சல். எனக்கும்தான். நான் ஒழுங்கானவள், தேதி தவறாதவள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

இனி அந்த வழக்கு.

முதியோர் உதவி எண்ணிலிருந்து ஒரு புகார் வந்தது. போனை எடுத்தவர் கடற்கரை மாவட்டத்துப் பெண், தமிழ் தெரியாதவர். அவர் பதிந்திருந்தது இரண்டே வரி: 'வடமாலபேட்டை அருகே உள்ள இல்லத்திலிருந்து ஒரு மூதாட்டி. முடி காணிக்கை வேண்டுதல் இருக்கிறது, மலைக்குப் போக வேண்டும் என்கிறார். தமிழில் பேசியதால் மற்றது விளங்கவில்லை.' வகை என்ற கட்டத்தில், 'கோயிலுக்கு அழைத்துச் செல்லவில்லை'. பேசிய போன் ஒரு காய்கறி வண்டிக்காரருடையது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

சின்னப் புகார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் போனேன். மேனேஜர் முனிரத்தினம் கேட்டிலேயே வந்து நின்றார். சுறுசுறுப்பான ஆள், நாற்பது வயது இருக்கும்.

"மலைக்குக் கூட்டிக்கினு போகலைன்னு புகாரு வந்திருக்கு" என்றேன்.

"மலைக்கா? வாங்க மேடம். வந்து நீங்களே பாருங்க" என்று பெண்கள் அறைக்குக் கூட்டிப்போனார்.

ஆறு கட்டில், ஆறு பெண்கள். ஆறு பேருக்கும் மொட்டைத் தலை. தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

திருப்பதியில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் இது புரியும். எங்கள் ஊரில் மொட்டைத் தலை என்பது ரசீது மாதிரி. பஸ் ஸ்டாண்டில், ஓட்டலில், பாங்க் வரிசையில், கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை சந்தனம் பூசிய தலைகள். பார்த்தவுடன் மலைக்குப் போய்வந்தவர்கள் என்று மனம் முடித்துவிடும். வேறு எந்த ஊர் அதிகாரியாக இருந்தாலும் வரிசையாக ஆறு கிழவிகளுக்கு மொட்டை ஏன் என்று கேட்டிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டேன்.

"கோவிந்தா!" என்றார் மேனேஜர் உரக்க. கட்டில்களிலிருந்தும் "கோவிந்தா" என்று குரல் வந்தது.

அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: 'ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவர் மட்டும் சொல்லவில்லை. என்னையே பார்த்தார். காது மந்தமாக இருக்கலாம்.' இதை நான்தான் எழுதினேன், என் கையெழுத்தில். இருபது நிமிடத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

அறிக்கை அரைப் பக்கம். 'இல்லத்தில் உள்ள ஆறு பெண்களும் மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு முடி காணிக்கை செலுத்தியுள்ளனர். வேண்டுதல் முடிந்தது. புகாரை முடிக்கலாம்.'

இரண்டாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. முதல் வாக்கியத்துக்கு நேரே 'எவரு?'. 'மேனேஜர்' என்று எழுதி அனுப்பினேன். அழிக்காமல் மறுபடி வந்தது. இந்த முறை என்னையும் கூப்பிட்டார்.

"சரளா காரு, முனிரத்தினம் இன்னா சொன்னாரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க."

டைரியைத் திறந்து படித்தேன். வாங்க மேடம், வந்து நீங்களே பாருங்க.

"மலைக்குப் போனோம்னு சொன்னாரா?"

மறுபடி படித்தேன். சொல்லவில்லை.

"பொம்பளைங்க யாராச்சும் சொன்னாங்களா?"

"கோவிந்தான்னு சொன்னாங்க சார்."

"கோவிந்தா நானும் சொல்லுவேன், பஸ் சடன் பிரேக் போட்டா." சிரிக்காமல் சொன்னார். "அப்ப போனாங்கன்னு சொன்னது யாரு, தலைங்களா?"

நான் டைரியை மூடினேன்.

"ஆம்பளைங்க எத்தனை பேரு அங்க?"

"பதினொன்னு."

"அதுல மொட்டை எத்தனை?"

கண்ணை மூடி ஆண்கள் கூடத்தை நினைத்துப் பார்த்தேன். கேரம் போர்டைச் சுற்றி நான்கு பேர், டிவி முன்னால் ஐந்து பேர், படுத்திருந்தவர்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் முடி இருந்தது. நரை, வழுக்கை, வாரிவிட்ட முடி. ஒரு மொட்டைகூட இல்லை.

"மலைக்கு வண்டி கட்டிக்கினு போனா ஆம்பளைங்கள உட்டுட்டுப் பொம்பளைங்க மட்டும் போவாங்களாம்மா? மலைக்குப் போய்வந்த வூட்டுல ஆபீசரு கால வெச்சா, கையில ஒரு துண்டு லட்டு வெக்காம உடுவாங்களா? உங்களுக்குக் குடுத்தாங்களா?"

கொடுக்கவில்லை.

"நாளைக்கு மறுபடி போங்க. சொல்லாம போங்க" என்று கோப்பை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை ஆறரை பஸ். மேனேஜர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்று தெரியும். பின்பக்கம் துவைக்கிற கல்லருகில் அந்த ஜன்னலோரக் கட்டில்காரர் தன் புடவையை அலசிக்கொண்டிருந்தார். பெயர் கன்னியம்மா. சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம். அறுபத்தாறு வயது. காது நன்றாகவே கேட்டது.

"அன்னிக்கு வந்தியே, நீதானே?" என்றார் திரும்பாமல். "வந்த, நின்ன, கோவிந்தா கேட்ட, பூட்ட."

"நீங்கதான் போன் பண்ணீங்களாம்மா?"

"பண்ணேன். மலைக்குக் கூட்டிக்கினு போலன்னா பண்ணேன்? என் மவன் கூட்டிக்கினு போவான், எனக்கு இன்னா. முடிய எடுக்காதீங்கன்னு சொல்றதுக்குப் பண்ணேன். அந்தப் பொண்ணு தெலுங்குல 'ஆ அவ்வா, சரி அவ்வா'ன்னு போன வெச்சிட்டா."

பிறகு அலசிய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்து சொன்னார். மகன் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஒற்றை அறை வீடு. மருமகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை கன்னியம்மா வேண்டிக்கொண்டார்: குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் அதற்கு முதல் மொட்டை மலையில், கூடவே உட்கார்ந்து தன் முடியையும் கொடுப்பது. பெண் குழந்தை பிறந்தது. ஏழாவது மாதம் நடக்கிறது. பதினோராவது மாதம் மொட்டை.

"இடுப்பு வரிக்கும் இருந்திச்சும்மா முடி. அதுக்குன்னு வெச்சிருந்தது. சீப்புல வர்றதக்கூட சுருட்டி வெப்பேன். மொதத் தபா மேனேஜரு ஆளு மிஷின எடுத்துக்கினு வந்தப்போ கால்ல உழுந்தேன். கேக்கல. சரி, வளந்துடும்னு உட்டுட்டேன். ரெண்டாந் தபா வந்தான் பாரு, அப்பத்தான் இது நிக்காதுன்னு தெரிஞ்சிது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தபாவாம். எரிச்சலுக்குச் சந்தனத்த வேற பூசி உட்டாங்க."

"இன்னும் நாலு மாசம் இருக்கேம்மா. வளந்துடும்" என்றேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று சொன்னதுதான்.

"உட்டாத்தானே வளரும்? ஒரு வெரக்கடை இருந்தாலும் குடுப்பேன். இல்லாத முடிய எப்பிடிக் குடுக்கறது? நீ இன்னா எழுதின?"

நான் எழுதியதைச் சொன்னேன். மறைத்திருக்கலாம், முடியவில்லை.

அவர் கல்லிலிருந்து எழுந்தார். "முடிஞ்சிதுன்னு எழுதினியா? என் வேண்டுதல நீ முடிச்சிட்டியா?" என்றார். திட்டவில்லை. புடவையை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனார்.

எட்டு மணிக்கு முனிரத்தினம் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் தடுமாறவில்லை. நான் கேட்டதும் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று மாதம் முன்னால் நடந்த வழக்கமான ஆய்வின் குறிப்பு. அதில் எட்டாவது வரி: 'பெண்கள் அறையில் தலைகளில் பேன் அதிகம். ஒரு வாரத்துக்குள் சரிசெய்து தெரிவிக்கவும்.' கீழே கையெழுத்து என்னுடையது.

"ஒரு வாரம் குடுத்தீங்க மேடம். ரூமுக்கு ஒரே ஆயம்மா. ஆறு தலைக்கும் மருந்து போட்டு, சீப்பு போட்டு, ஈரு எடுத்துன்னா ஒரு வாரத்துல ஆவுமா? பேன் இருந்தா நீங்க எழுதுவீங்க. மொட்டை அடிச்சாலும் நீங்களே எழுதுவீங்க. நான் இன்னாதான் பண்றது?"

"அவங்கள கேட்டீங்களா?"

"நீங்க கேட்டீங்களா மேடம், பேன் இருக்குன்னு எழுதறப்போ?"

குறிப்பின் தேதியை எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் டைரியைப் புரட்டினேன். அந்த ஆய்வு நாளின் பக்கம்: 'பேன். எச்சரித்தேன். ஜன்னலோரம் ஒருவருக்கு இந்த வயதிலும் நல்ல நீள முடி.' மூன்று மாதம் முன்னால் அந்த முடியைப் பார்த்திருக்கிறேன், வியந்து எழுதியும் இருக்கிறேன். ஆறு மொட்டைகளைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். 'மேற்படி புகார் தொடர்பாக மேலும் தெரியவந்தது என்னவென்றால்' என்று ஆரம்பித்தேன். எங்கள் துறையில் தவறைத் திருத்துகிற வாக்கியம் இதுதான். எல்லாரும் இதைத்தான் எழுதுவோம். கிருஷ்ணப்பா சார் அதை ஒரே கோட்டில் அடித்தார்.

"மேல ஒன்னும் தெரியவரல. மொதல்லயே தப்பு. 'நான் விசாரிக்காமல் எழுதினேன், அது தவறு'ன்னு எழுதுங்க."

"சார், பணிப் பதிவேட்டுல வரும்."

"வரும்" என்றார். "ஆனா, வேண்டுதல் முடிஞ்சிதுன்னு கவர்மெண்டு காகிதம் ஒன்னு இருக்கே. அது இருக்கிற வரிக்கும் அந்தம்மா சொல்றதுதான் பொய்."

எழுதினேன். மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் 'சூழ்நிலை காரணமாக' என்ற இரண்டு வார்த்தை எப்படியோ நுழைந்துவிட்டது.

இல்லத்துக்கு நோட்டீஸ் போனது. அதில் பெயர் இல்லை, ஆனால் கல்லருகில் நான் யாரோடு பேசினேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் கம்பெனிச் சீருடையோடு ஒருவர் நின்றார். கன்னியம்மாவின் மகன். இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், கேச வாபஸ் வாங்கிக்கிறோம். அம்மா கைநாட்டு வாங்கியாந்துட்டேன். மேனேஜரு சொல்ட்டாரு, வேணும்னா கூட்டிக்கினு போயிடுன்னு. நான் எங்க கூட்டிக்கினு போறது? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா குழந்தையே பக்கத்து வூட்டுல கீது."

"உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "கைநாட்டு வெச்சாங்க. வெச்சிட்டு, 'உம் பொண்ணுக்குத்தான்டா வேண்டிக்கினேன்'னாங்க."

புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் கோப்பை மூட வேண்டும். விதி அதுதான். தாளை எடுத்துக்கொண்டு ஏ.டி. அறைக்குப் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இது ஒரு தலை. மீதி அஞ்சு தலை வாபஸ் வாங்கிச்சா?" என்றார். நோட்டீஸ் அப்படியே இருந்தது. கோப்பின் பெயரை மாற்றினோம்: கன்னியம்மா புகார் என்பது போய், பெண்கள் அறை குறித்த ஆய்வு என்று ஆனது. புகார் சொன்னதற்காக யாரையும் வெளியே அனுப்பினால் இல்லத்தின் பதிவு புதுப்பிக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தோம். பெண்கள் அறைக்கு இன்னொரு ஆயம்மா வைக்க வேண்டும், மருந்தும் பேன் சீப்பும் வாங்க வேண்டும், சம்மதம் இல்லாமல் யார் தலையிலும் மிஷின் வைக்கக் கூடாது. சம்மதத்துக்கு ஒரு படிவம் வேண்டும் என்றார். நானே தயாரித்தேன். தெலுங்கில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். பெயர், வயது, சாட்சி, கைநாட்டு. நேர்த்தியாக இருக்கிறது என்று சார்கூடச் சொன்னார்.

அடுத்த மூன்றரை மாதத்தில் நான்கு தடவை அங்கே போனேன். போகிற காரணம் வேறு வேறாக எழுதினேன்; பார்த்தது ஒரே ஒரு தலையைத்தான். முதலில் சாம்பல் பூத்த மாதிரி. பிறகு அரை விரல். பிறகு காதுக்கு மேலே சுருள ஆரம்பித்தது. கன்னியம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் தலையைக் குனிந்து காட்டி, "தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன். "பேன் கீதா? எழுதிக்கோ" என்றார்.

விருப்ப ஓய்வு உத்தரவு அதற்குள் வந்துவிட்டது. ஒன்பது வேலை நாள் மீதி இருந்தபோது, காலை பதினொரு மணிக்கு மகனின் நம்பரிலிருந்து போன். பின்னால் பஸ் சத்தம், குழந்தை அழுகை.

"குடுத்துட்டேன்" என்றார் கன்னியம்மா.

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இன்னா கோவம் தெரியுமா எனக்கு? இவ்ளோ மாசம் காத்தேன், ரெண்டு இழுப்புல முடிச்சிட்டான் அந்தாளு. 'அவ்ளோதானா'ன்னேன். 'அவ்ளோதான் இருக்கு பெரியம்மா'ன்றான். குழந்தைதான் கத்தித் தீத்துட்டா. தோ, கேக்குதா?"

"கேக்குதும்மா. இல்லத்துக்குத் திரும்பிப் போறீங்களா?"

"சாயங்காலம் உட்டுடுவான். ஏம்மா, உன்னாண்ட ஒன்னு கேக்கணும்." குரல் தாழ்ந்தது. "போன வாரம் மத்த அஞ்சு பேருக்கும் மறுபடி எடுத்துட்டாங்க. என்னைத்தான் உட்டாங்க, கேசு போட்டவன்னு. பேப்பருல கைநாட்டு வாங்கிக்கினுதான் எடுத்தாங்க. நீ குடுத்த பேப்பராமே?"

மேசை இழுப்பறையைத் திறந்து என் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'என் தலைமுடியை எடுக்க முழுச் சம்மதம் அளிக்கிறேன்.' கீழே கைநாட்டுக்கு ஒரு கட்டம். ஒரே கட்டம். வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் கட்டைவிரலை வைக்க அந்தத் தாளில் நான் இடம் விடவில்லை.

கிருஷ்ணப்பா சார் அதைப் பார்த்தார். நல்ல படிவம் என்று தானும் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும், பென்சிலைத் தொடவில்லை. "ரெண்டு பேரும் போலாம்" என்றார்.

மறுநாள் போனோம். அவர் முனிரத்தினத்தை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துப் பதிவேடுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெண்களை ஒவ்வொருவராகத் துவைக்கிற கல்லுக்குக் கூட்டிவந்து, பின்கதவைச் சாத்திவிட்டு, படிவம் எதுவும் கையில் இல்லாமல் கேட்டேன். கேட்டதும் அவர்கள் சொன்னதும் சொன்னபடி டைரியில் இருக்கிறது. முதலாமவர், "எடுக்க வாணாம், ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார். இரண்டாமவர் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று விதமாகக் கேட்டும் வேண்டாம் என்றே ஆட்டினார். மூன்றாமவர் தெலுங்கில் என்னைத் திட்டினார். அதிலும் வேண்டாம் என்பது இருந்தது. நான்காமவர், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார்.

ஐந்தாமவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கையைப் பிடித்து நடத்திவந்து கல்லில் உட்காரவைத்தேன். உங்கள் முடியை இனிமேல் எடுக்க மாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன் என்றேன்.

"ஏன் எடுக்க மாட்டாங்க?" என்றார் பதறி. "எனக்கு எடுக்கச் சொல்லும்மா. அரிப்பே இல்ல இப்ப. காத்து வந்தா ஜில்லுனு கீது."

"மேனேஜரு அப்படிச் சொல்லச் சொன்னாராம்மா?"

"அவன் யாரு சொல்றதுக்கு?" வெயிலில் பளபளத்த மொட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொண்டார். "நீதான் யாரு? என் தலதானே."